டேக்கன்: அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு படத்தில் என்ன மிச்சம்?

பால்கனி டிக்கெட்:

நேற்று ராத்திரி டேக்கன் மறுபடி பார்த்தேன். 2008இல் வந்த படம். மகளைக் கடத்திவிட்டார்கள், அப்பா போய் மீட்கிறார். இதற்கு மேல் கதை என்று ஒன்றும் இல்லை. இதே வரியை வைத்து நம் ஊரிலும் வெளியூரிலும் எத்தனையோ படங்கள் வந்து போய்விட்டன. ஆனாலும் இதை எந்த இடத்தில் பார்க்க ஆரம்பித்தாலும் எழுந்து போக முடிவதில்லை. முதல் அரை மணி நேரம்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த அரை மணி நேரத்தில், ஒரு பாடகியைக் கத்திக்குத்திலிருந்து காப்பாற்றும் சின்னக் காட்சியைத் தவிர அடிதடியே கிடையாது. பிரையன் மில்ஸ் சி.ஐ.ஏ. வேலையை விட்டுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலிஸில் வந்து குடியிருக்கிறார். மனைவியோடு பிரிவு எப்போதோ ஆகிவிட்டது. சின்ன வயதில் பாடகியாக வேண்டும் என்று மகள் சொன்னதை நினைவில் வைத்து, பிறந்தநாளுக்கு ஒரு கரோக்கி கருவி வாங்குகிறார். அதற்குத் தாள் சுற்றுவதில்கூட அவ்வளவு பொறுமை. விருந்துக்குப் போனால், அம்மாவின் இரண்டாவது கணவர் ஒரு குதிரையையே கொண்டுவந்து நிறுத்துகிறார். பெண் குதிரையிடம் ஓடிவிடுகிறாள். பிரையனாக நடிக்கும் லியாம் நீசன் அங்கே ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார். பாரிஸில் அவர் என்ன அட்டகாசம் செய்தாலும் நாம் நம்புவதற்கு அந்த நிற்பதுதான் முன்பணம்.

அப்புறம் அந்த அழைப்பு. தோழியோடு பாரிஸுக்குப் போன மகள் கிம், வீட்டுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்று போனில் அப்பாவிடம் சொல்கிறாள். பொதுவாகச் சினிமா அப்பாக்கள் இந்த இடத்தில் ‘பயப்படாதே, ஒன்றும் ஆகாது’ என்பார்கள். இந்த மனிதர் ‘உன்னைப் பிடித்துக்கொண்டு போகத்தான் போகிறார்கள்’ என்று மகளிடமே உள்ளதைச் சொல்கிறார். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெண்ணிடம், அவர்கள் கைவைக்கிற சில விநாடிகளுக்குள் கண்ணில் படுவதையெல்லாம் கத்திச் சொல் என்கிறார். தாடி, உயரம், கையில் பச்சைகுத்தல். அவளும் சொல்கிறாள்.

உங்களுக்கு எப்படி?

சும்மா வந்தேன்:

குதிரைக்கு முன்னால் கரோக்கி எடுபடுமா அண்ணே. அப்பாவுக்கு அங்கேயே தோல்வி.

எடிட்டர் மேசை:

தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இயக்குநர் பியர் மொரெல் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். அந்த அழைப்புக் காட்சியில் கேமரா எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கிம் கட்டிலுக்கு அடியில் போனதும் நம் பார்வையும் தரையோடு தரையாக இறங்கிவிடுகிறது. அறைக்குள் நுழைகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன. கால்கள் போய்விடுகின்றன. ஒரு மூச்சு விட இடம் கொடுக்கிறார்கள். அதன் பிறகுதான் இழுக்கிறார்கள். அந்த இடைவெளி சில பிரேம்கள் குறைந்திருந்தாலும் காட்சி செத்திருக்கும்.

அடுத்து, அவளை இழுத்த பிறகு படம் பாரிஸிலேயே நிற்பதில்லை, நீசனின் முகத்துக்கு வந்துவிடுகிறது. நாமும் அவரைப் போலவே காதால் மட்டும் கேட்கிறோம். கடத்தியவனிடம் அவர் பேசி முடித்த பிறகு மறுமுனையிலிருந்து வருவது இரண்டே சொல். அதில் கிடைக்கும் குரல்தான் மிச்சப் படத்துக்கு நூல் முனை.

மகளை மீட்க 96 மணி நேரம்தான் இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொல்லிவிடுகிறார். ஜெர்மனியில் படத்தின் பெயரே 96 ஹவர்ஸ்தான். ஆனால் திரையில் கடிகாரம் எதுவும் ஓடுவதில்லை. 1985இல் வந்த கமாண்டோவில் அர்னால்ட் கையில் 11 மணி நேரத்துக்கு ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டு, அடிக்கடி அதைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். இங்கே நேரத்தை வெட்டு வேகம் சொல்கிறது. பார்க்கிறவனுக்கு மணி பார்க்கவே தோன்றாது.

மதுரை வெண்ணிலா:

அழைப்புக் காட்சி பிரமாதம், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அமாண்டாவுக்காக.

அமாண்டா யாரென்று யாருக்காவது நினைவிருக்கிறதா? கிம்மோடு பாரிஸுக்குப் போன தோழி. கிம்முக்கு முன்னால் கடத்தப்பட்டவள் அவள்தான். ஜன்னல் வழியாகக் கிம் பார்ப்பதே அவள் இழுத்துச் செல்லப்படுவதைத்தான். அவளைப் பிறகு ஒரு வீட்டில் கட்டிலோடு கட்டப்பட்டுப் பிணமாகப் பார்க்கிறோம். போதை மருந்து அதிகமாகி இறந்திருக்கிறாள். படம் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது? அப்பா பார்க்கிறார், தன் மகள் இல்லை என்று தெரிகிறது, அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். கடைசியில் விமான நிலையத்தில் எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள். அமாண்டாவின் அம்மா அப்பா யார், அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பது கதைக்கு வேண்டியதாக இல்லை.

இதை ஏதோ மறந்து விட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அமாண்டா ஆண்களைப் பற்றித் துணிச்சலாகப் பேசுகிற பெண். விமான நிலையத்தில் பார்த்த பையனோடு படுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். கிம் இன்னும் ‘ஒன்றும் தெரியாத’ பெண். பெண்களை விற்கும் ஏலத்தில் அவளுக்கு விலை ஏறுவதும் அதனால்தான், அதுவரை அவளை யாரும் தொடாமல் வைத்திருப்பதும் அதனால்தான். ஆக, ஊர் சுற்றுகிற பெண் சாவாள், அடக்கமான பெண் பிழைப்பாள். பாரிஸில் எடுத்தால் என்ன, நம் ஊர்ப் பெரியம்மா சொல்கிற அதே கதை.

கட்டுமான இடத்தில் வரும் காட்சியையும் பாருங்கள். தடுப்புக்குத் தடுப்பு மயக்கத்தில் பெண்கள். அப்பா அவர்களில் ஒருத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அவளிடம் கிம்மின் ஜாக்கெட் இருக்கிறது, அது ஒன்றுதான் காரணம். மற்றவர்கள் அங்கேயே கிடக்கட்டும்.

பால்கனி டிக்கெட்:

வெண்ணிலா மேடம், அமாண்டா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கு எனக்கும் உறுத்தும்.

ஆனால் மற்ற பெண்களை விட்டுவிட்டார் என்பதில் ஒத்துப்போக முடியவில்லை. அவர் சமூக சேவகர் இல்லை. நாலு நாளில் பெண் கைவிட்டுப் போய்விடுவாள் என்று தெரிந்த ஒரு அப்பன். பழைய சகாவின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அந்த மனுஷனின் ஒன்றும் தெரியாத மனைவியைக் கையில் சுடுகிறாரே, அது நல்லவன் செய்கிற காரியமா? அந்த ஆளை நல்லவனாகக் காட்டப் படம் மெனக்கெடுவதே இல்லை. ஒரே ஒரு பெண்ணுக்காக எதையும் செய்வான், அவ்வளவுதான். அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

மதுரை வெண்ணிலா:

அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் பார்க்காததைக் கேமராவாவது பார்க்கலாமே என்கிறேன்.

நம்மிடம் மகாநதி இருக்கிறது. 1994 பொங்கலுக்கு வந்தது. அதுவும் மகளைத் தேடிப் போகும் அப்பாதான். கல்கத்தா சோனாகாச்சிக்குப் போகிறார். கிருஷ்ணசாமிக்குத் துப்பாக்கி, தனித்திறமை, அரசாங்கத்தில் பழைய நண்பர்கள் எதுவும் கிடையாது. கும்பகோணம் பக்கத்து மனுஷன், சீட்டுக் கம்பெனியில் ஏமாந்து சிறைக்குப் போய் வந்தவர். அங்கே போய் அவரும் அடிக்கத்தான் பார்க்கிறார். ஆனால் அந்தப் பெண் வெளியே வருவது அந்த அடியால் இல்லை. அங்கே தொழில் செய்கிற மற்ற பெண்கள், இவளுக்கான பணத்தை நாங்கள் உழைத்துக் கொடுத்துவிடுகிறோம், விட்டுவிடு என்று நிற்கிறார்கள். டேக்கனில் தடுப்புகளுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார்களே, அந்தப் பெண்களுக்கு இங்கே முகமும் பேச்சும் இருக்கிறது.

மீட்டு வந்த பிறகு காவேரி தூக்கத்தில் பேசுவாளே. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரு காட்சிக்கு முன்னால் பாரிஸ் முழுக்கச் சுட்டுத் தள்ளினாலும் ஈடாகாது. கிம்முக்கோ, ஊருக்குத் திரும்பியதும் பரிசாக ஒரு பாடகியின் அறிமுகம். நடந்ததெல்லாம் விமானத்திலேயே மறந்துவிட்டது போல.

பழைய ரீல்:

மகாநதி பற்றி வெண்ணிலா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கமல் தன் வீட்டு வேலையாட்களே தன் மகளைக் கடத்திப் பணம் கேட்கத் திட்டம் போட்டிருந்ததைத் தற்செயலாகக் கண்டுபிடித்தாராம். அவர்கள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டார்களாம். அந்தக் கணத்தில் கொலை செய்யவும் தயாராக இருந்ததாகவும், பிறகு நிதானத்துக்கு வந்ததாகவும், அந்தப் பயத்தைத்தான் காகிதத்தில் இறக்கியதாகவும் பல வருஷம் கழித்து அவரே எழுதியிருந்தார். அதனால்தான் அந்தப் படத்தில் அப்பாவின் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருக்கிறது என்பது என் கணிப்பு. டேக்கனில் நீசன் பயப்படுவதே இல்லை. மேசையில் உட்கார்ந்து மகளின் குரலைக் கேட்கும்போது மட்டும் அவர் கண்ணில் ஏதோ ஒன்று வந்து போகும்.

ஆனால் மகாநதியும் கடைசியில் பழிவாங்கலில்தான் போய் நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த இடத்தில் இரண்டும் பங்காளிகள்தான்.

லாச்சப்பல்காரன்:

வணக்கம். இந்தப் படத்தைப் பற்றி யார் கதைத்தாலும் எனக்கு ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க ஏலாது. படத்தில் அந்தக் கும்பலின் வீடு இருக்கிற தெரு ரூ த பாரடி. சிவப்புக் கதவு வீடு என்று அந்தப் பெட்டை மயக்கத்தில் சொல்வாளே, அதுதான். அது பாரிஸின் பத்தாம் வட்டாரத்தில் உண்மையாகவே இருக்கிற தெரு. ஒரு முனை ரூ து ஃபோபூர் சாந்தெனியில் வந்து முட்டும். அதே சாந்தெனித் தெருவில் வடக்கே நடந்து, கார் து நோர் ரயில் நிலையத்தையும் தாண்டினால் எங்கட தமிழ்க் கடைகள். மரக்கறி, நகைக்கடை, சேலைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம். அதாவது நீசன் கும்பல்காரனுக்கு மின்சாரம் பாய்ச்சிக்கொண்டு இருந்த வீட்டிலிருந்து நடை தூரத்தில் நாங்கள் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ரூ த பாரடி முந்தி பளிங்குக் கண்ணாடிச் சாமான், பீங்கான் விற்கிற பெரிய கடைகளுக்குப் பேர்போன தெரு. கடத்தல்காரர் தெரு எல்லாம் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் வரப் பயப்படுகிற சொந்தக்காரர் எனக்கு இருக்கினம், அவையளுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் விமான நிலையத்தில் ஒரு வடிவான பெடியன் வந்து டாக்ஸியைப் பங்கு போடுவமா என்று கேட்கிற இடம் மட்டும் யோசித்து எழுதியிருக்கினம். சார்ல் து கோல் விமான நிலையத்தில் களவாக டாக்ஸி ஓடுகிறவர்கள் ஆள் பிடிக்கிறது நெடுங்காலத் தொல்லை. கடத்த மாட்டினம், காசைத்தான் கறப்பினம். வரிசையில் நின்று முறையான டாக்ஸி எடுங்கோ.

சும்மா வந்தேன்:

அண்ணே கொத்துரொட்டிக் கடை விலாசம் தனிமடலில் ப்ளீஸ்.

அப்புறம் ஒரு சந்தேகம். இது உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்தது என்று எங்கோ படித்தேனே?

குற்றவியல் வாசகன்:

இல்லை. லூக் பெஸ்ஸானும் ராபர்ட் மார்க் கேமனும் எழுதிய கதை அது. ஆனால் ‘உண்மைச் சம்பவம்’ என்ற பேச்சு கிளம்பியதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது படத்தைவிடச் சுவாரசியம்.

அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த ஒருவர், தான் சிறப்புப் படையில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டு பல வருஷமாகப் பயிற்சி வகுப்பு நடத்தி வந்தார். காவல்துறையினர், அரசு அலுவலர்கள், கல்லூரிகள் எல்லாரும் காசு கொடுத்து அவரை அழைத்தார்கள். தன் மகளைக் கடத்தி விற்றுவிட்டார்கள், தேடிப் போயும் காப்பாற்ற முடியவில்லை, டேக்கன் தன் கதையிலிருந்து வந்ததுதான் என்றெல்லாம் சொல்லி வந்தார். மனுஷன் சிறப்புப் படையிலேயே இருந்ததில்லை. கடலோரக் காவல் படையின் ரிசர்வ் பிரிவில் இருந்ததோடு சரி. சந்தேகப்பட்டுத் துருவியதே உண்மையான முன்னாள் சிறப்புப் படையினர்தான். 2011இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 21 மாதச் சிறைக்குப் போனார்.

படித்தவர்களே ஏன் அவ்வளவு பேர் நம்பினார்கள்? மகளை இழந்த அப்பாவிடம் யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். பால்கனி சார் சொன்ன முன்பணம் நிஜ வாழ்க்கையிலும் செல்லுபடியாகியிருக்கிறது.

பால்கனி டிக்கெட்:

இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி.

நீங்கள் சட்டப் பக்கம் என்பதால் கேட்கிறேன். அந்த இடத்தில் நிஜமாக என்ன செய்திருக்க வேண்டும்? அப்பா ஒரு தடவைகூடப் போலீஸுக்குப் போன் செய்வதில்லையே.

குற்றவியல் வாசகன்:

அதுதான் படத்தின் பெரிய கண்கட்டு. பிரான்ஸில் சிறுவர் கடத்தலுக்கு நாடு முழுவதும் எச்சரிக்கை விடும் ஏற்பாடு 2006லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் ஆம்பர் எச்சரிக்கையைப் பார்த்து வைத்தது. தொலைக்காட்சி, வானொலி, நெடுஞ்சாலை அறிவிப்புப் பலகை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் செய்தி போகும். அதற்கு நிபந்தனைகள் உண்டு: பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், காணாமல் போனது மட்டும் போதாது, கடத்தல்தான் என்று உறுதியாகியிருக்க வேண்டும், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்க வேண்டும், தேட உதவும் தகவல் கையில் இருக்க வேண்டும். கிம்முக்கு 17 வயது. கடத்தல் நடந்ததற்கு ஒலிப்பதிவே இருக்கிறது. ஆள் அடையாளத்தை அவளே சொல்லியிருக்கிறாள், குரலும் பதிவாகியிருக்கிறது. எந்தப் புலனாய்வு அதிகாரிக்கும் முதல் மணி நேரத்தில் இவ்வளவு கிடைக்காது.

திரைக்கதைக்கு இது தெரியும். அதனால்தான் பழைய சகாவான அந்தப் பிரெஞ்சு அதிகாரி ஜான்-க்ளோதைக் காசு வாங்கியவராக வைத்திருக்கிறார்கள். போலீஸ் கதவை அடைத்தால்தான் அப்பா தனியாக ஓட முடியும். கவனித்துப் பார்த்தால் இந்த வகைப் படம் எல்லாவற்றிலும் இப்படி ஒரு கதவை அடைக்கும் காட்சி இருக்கும்.

இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் சொல்லியாக வேண்டியது. பிள்ளை காணோம் என்று போனால் 24 மணி நேரம் பொறுத்து வாருங்கள் என்பார்கள் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி எந்தச் சட்டமும் இல்லை. காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், வேறு விதமாக நிரூபணம் ஆகும்வரை அதைக் கடத்தலாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. அவசர உதவி எண் 112, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் கைபேசியில் வைத்திருங்கள். பணயத் தொகைக்காகக் கடத்துவதற்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 364-ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 140ஆம் பிரிவு. மரண தண்டனை வரை போகலாம்.

இன்னொன்று. பெண்களைக் கடத்தி விற்பது பெரும்பாலும் படத்தில் வருவது போல, முன்பின் தெரியாதவன் வீடு புகுந்து தூக்குவதாக இருப்பதில்லை. வேலை வாங்கித் தருகிறேன், கல்யாணம் செய்துகொள்கிறேன், மருத்துவச் செலவுக்குப் பணம் தருகிறேன் என்று தெரிந்த ஆள்தான் வருவான். வெண்ணிலா சொன்ன படத்தில் காவேரி சிக்குவது அப்படித்தான். பாட்டிக்கு உடம்பு முடியாமல் போய், அப்பாவை ஏமாற்றிய அதே ஆளிடம் உதவி கேட்டுப் போகிறாள். வழக்குக் கட்டு படித்தவர்களுக்கு எது நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்.

சும்மா வந்தேன்:

எச்சரிக்கை விட்டிருந்தால் படம் நாற்பது நிமிஷத்தில் முடிந்து, பாதி டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்போம் சார்.

பழைய ரீல்:

குரல் பதிவு என்றதும் ஜப்பான் ஞாபகம் வந்துவிட்டது. இயக்குநர் குரோசாவாவின் ஹை அண்ட் லோ படம், 1963 மார்ச்சில் வந்தது. செருப்புக் கம்பெனி அதிகாரி ஒருவர். மகனைக் கடத்திவிட்டோம், 3 கோடி யென் கொடு என்று போன் வருகிறது. கொடுக்கத் தயாராகிறார். பார்த்தால் மகன் வீட்டிலேயே இருக்கிறான். ஆள் மாறி டிரைவரின் மகனைத் தூக்கிவிட்டார்கள். இப்போது கொடுப்பாயா? கொடுத்தால் அவர் ஓட்டாண்டி. டிரைவர் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். பிள்ளையைப் பெற்றவன் வாய் திறந்து கேட்கக்கூட முடியாத நிலை. ஏறக்குறைய முதல் பாதி முழுக்க ஒரே வரவேற்பறையில்தான். டேக்கனில் அப்பாவுக்கு எங்கேயும் தடுமாற்றமே கிடையாது. இங்கே தடுமாற்றம்தான் படம்.

பணத்தை ஓடுகிற ரயிலிலிருந்து, கழிவறை ஜன்னலின் சின்ன இடுக்கு வழியாக வீசும் காட்சி இருக்கிறதே, அதன் பிறகு வந்த எத்தனையோ கடத்தல் படங்கள் அங்கேதான் கடன் வாங்கியிருக்கின்றன.

இதன் சோகமான பின்கதை: படம் வந்த அதே மாதக் கடைசி நாளில் டோக்கியோவில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டான். பணத்தை வாங்கிக்கொண்டவன் போலீஸிடம் சிக்காமல் போய்விட்டான். பிள்ளை உயிரோடு திரும்பவில்லை. கடத்தியவனின் தொலைபேசிக் குரலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பினார்கள். பிடிபட இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. பணயத்துக்காகக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கி 1964இல் ஜப்பான் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. டேக்கனில் நண்பர் ஒருவர் குரலைக் கேட்டு ஆள் அல்பேனியாவின் ட்ரொபோயா பக்கம் என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுகிறார்.

லாச்சப்பல்காரன்:

அல்பேனியாக்காரருக்கு இந்தப் படத்தில் நல்ல கோபம். நியாயம்தான். ஒரு நாட்டையே பெண் கடத்துகிற நாடாக உலகம் முழுக்கக் காட்டிவிட்டினம். பிறகு அல்பேனியர் சிலபேர் கெட்டித்தனமாக லியாம் நீசனையே பேர் சொல்லி அழைத்து, எங்கட நாட்டை வந்து பாருங்கோ என்று ஒரு சுற்றுலா விளம்பரம் செய்தவை. படத்தின் பெயரையே வைத்து விளையாடியிருந்தினம்.

கடைசியில் படகில் வருகிற அரபு ஷேக்கைப் பாருங்கோ. விற்கிறவன் அல்பேனியன், வாங்குகிறவன் அரபி, கண்டுகொள்ளாதவன் பிரெஞ்சுக்காரன். எடுத்ததும் பிரெஞ்சுக் கம்பெனிதான் என்பதுதான் வேடிக்கை.

மதுரை வெண்ணிலா:

இழை நீண்டுவிட்டது, ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இந்தத் தேடல் எல்லாம் ஏன் அப்பாவுக்கே போகிறது? டேக்கனில் கிம்மின் அம்மா லெனோர் செய்வது அழுவதும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதும்தான். முதல் பாதியில் அவள்தான் பிரையனைப் பயந்தவன் என்று கிண்டல் செய்தவள். ஆக, கடத்தல் நடந்ததில் படத்துக்கு ஒரு ரகசிய சந்தோஷம்: பார்த்தாயா, அப்பா சொன்னதுதான் சரி.

2017இல் ஹாலி பெர்ரி நடித்து கிட்னாப் என்று ஒன்று வந்தது. பெரிய படமெல்லாம் இல்லை, விமர்சகர்கள் கிழித்தார்கள். ஆனால் அதன் அடிப்படை எனக்குப் பிடித்திருந்தது. நியூ ஆர்லியன்ஸில் உணவகப் பரிமாறுநர் ஒருத்தி. பூங்காவில் போன் பேசத் திரும்பிய நேரத்தில் மகனைக் காணோம். காரில் ஏற்றுவதைப் பார்க்கிறாள், ஓடுகிற பதற்றத்தில் போனும் விழுந்துவிடுகிறது. அவளிடம் மிச்சம் இருப்பது ஒரு குடும்ப மினிவேன். அவ்வளவுதான். தனித்திறமை கிடையாது, ஜெட் கொடுக்கப் பணக்காரக் கணவன் கிடையாது. முன்னால் போகிற காரைக் கண்ணிலிருந்து விடக் கூடாது, அது ஒன்றுதான் அவள் திட்டம். நம்மில் யாருக்காவது அப்படி நடந்தால் நாம் அவளாகத்தான் இருப்போம்.

பால்கனி டிக்கெட்:

லெனோர் பற்றிச் சொன்னது சரியான அடி. ‘நான் அப்போதே சொன்னேனே’ என்பதற்காகவே எடுத்த படம் என்று வைத்துக்கொண்டால் பல விஷயம் பொருந்துகிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போகும் வயதில் இருக்கும் அப்பாக்கள்தான் இதன் பெரிய ரசிகர்கள். நானும் அந்தக் கூட்டம்தான், மறைக்கவில்லை.

நீசனே இது நேராக வீடியோவுக்குப் போய்விடும் படம் என்று நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார். சுமார் இரண்டரைக் கோடி டாலரில் எடுத்தது, உலகம் முழுக்க இருபத்திரண்டு கோடிக்கு மேல் வசூல். ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் நடிகர் 50 வயதைத் தாண்டி அடிதடி நாயகன் ஆனது இதில்தான். இளைஞன் ஒருவன் நடித்திருந்தால் இந்தக் கூட்டம் வந்திருக்காது என்பது என் கட்சி. களைத்த முகம் வேண்டும்.

எடிட்டர் சார், இரண்டு வடிவம் இருக்கிறது என்கிறார்களே, எதைப் பார்ப்பது?

எடிட்டர் மேசை:

அமெரிக்கத் திரையரங்கில் 2009 ஜனவரியில் வந்தது பி.ஜி.-13 (13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கவனம் தேவை) சான்றிதழுக்காக மென்மையாக்கிய வடிவம். மின்சார நாற்காலிக் காட்சியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். முழு வடிவம் சில நிமிஷம்தான் கூடுதல். ஆனால் அதில் அந்த மனிதர் எவ்வளவு தூரம் போகக்கூடியவர் என்பது ஒளிவில்லாமல் இருக்கிறது. நீங்கள் சொன்ன ‘நல்லவனாகக் காட்ட மெனக்கெடாத நேர்மை’ அதில்தான் முழுசாக உண்டு. வெட்டிய வடிவத்தில் கொஞ்சம் நாயகன் சாயம் பூசியிருக்கும்.

சும்மா வந்தேன்:

இரண்டாம் பாகம் பற்றி யாரும் பேசவில்லையே? அதில் மகள்தானே அப்பாவை மீட்கப் போகிறாள்.

மதுரை வெண்ணிலா:

ஆமாம், இஸ்தான்புல்லில். இந்தத் தடவை அப்பாவும் அம்மாவும் பிடிபட, போனில் அப்பா வழி சொல்ல, கிம் கூரை கூரையாக ஓடிக் கையெறி குண்டு வீசுகிறாள். வெடிச்சத்தம் வந்து சேரும் நேரத்தை வைத்து அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் படத்தில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தார்களே என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். பட்டப்பகலில் ஊருக்கு நடுவில் இத்தனை குண்டு வெடித்தும் இஸ்தான்புல்லில் ஒருத்தர்கூட ஏனென்று கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எடிட்டர் மேசை:

மூன்றாம் பாகத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். அதில் நீசன் ஒரு கம்பிவேலியைத் தாண்டுகிறார். சில விநாடிக் காட்சிக்குப் பத்துக்கும் மேல் வெட்டு. வகுப்பில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு.